கப்பியும் தெருவிளக்கும்: கொழும்பு மாநகரின் ஒளி வரலாற்றில் ஒரு சிறு பகுதி

விளக்கை ஏற்றுதல் ஒரு கணத்துச் செயல். ஏற்றிய விளக்கு அணையாது காத்தலோ நாள்தோறும் செய்ய வேண்டிய பணி. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்களை ஆராய்வோர், நந்தாவிளக்கு எரிப்பதற்கென ஆடுகள் அளிக்கப்பட்ட செய்தியை மீண்டும் மீண்டும் காண்பர். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்பது அக்கல்வெட்டுக்களிற் பெரிதும் பயின்று வரும் கணக்கு. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளந்து வர வேண்டும். மந்தையில் ஓர் ஆடு இறந்தால் அதன் இடத்தைக் குட்டி நிரப்பும். ஆதலின் அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப் பெயர் பெற்றன. கொடையாளி விளக்கை மட்டும் கொடுத்துவிட்டு அகலவில்லை; அதனைப் பேணும் வழியையும் சேர்த்தே கொடுத்தான்.

கோயில் விளக்குக்குப் பொருந்தும் இவ்வுண்மை தெருவிளக்குக்கும் பொருந்தும். ஆயின் தெருவிளக்கில் ஒரு புதிய இடர் உண்டு. கோயிலிலே தூண்டாமணிவிளக்குச் சங்கிலியில் தொங்கினும் அருச்சகரின் கைக்கு எட்டும் உயரத்திலேயே தொங்கும். தெருவிளக்கோ வண்டிகளுக்கும் மக்களுக்கும் மேலே, எட்டாத உயரத்தில் நிற்க வேண்டும். உயரத்தில் நின்றால்தான் ஒளி பரவும். கைக்கு எட்டினால்தான் விளக்கு வாழும். ஒன்றுக்கொன்று மாறான இவ்விரண்டு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றிய கருவி, நாம் கிணற்றடியிற் காணும் கப்பியேயாம். மின்விளக்கின் வரலாற்றை எழுதுவோர் மின்பிறப்பாக்கியையும் அணைக்கட்டையும் பற்றி விரிவாக எழுதுவர். கப்பியைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். அக்குறையைச் சிறிதளவேனும் நீக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாளிகாவத்தையும் அதன் சுற்றுப்புறமும்

கொழும்பு மாநகரிலே மருதானைக்கும் தெமட்டகொடைக்கும் அண்மையில் அமைந்துள்ளது மாளிகாவத்தை. ‘வத்தை’ என்பது தோட்டத்தைக் குறிக்கும் சிங்களச் சொல். வெள்ளவத்தை, பஞ்சிகாவத்தை என்னும் பெயர்களிலும் அச்சொல்லையே காண்கிறோம். தோட்டமாய் இருந்த நிலம் நாளடைவில் வீடுகளும் ஒழுங்கைகளும் நெருங்கிய குடியிருப்பாயிற்று. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராக வாழும் பகுதி இது. இதன் அயலிலே புகையிரதப் பாதைகளும் தொழிற்கூடங்களும் உள்ளன; மறுபுறத்தில் மாளிகாகந்தையின் நீர்த்தேக்கம் உள்ளது.

மாளிகாகந்தை நீர்த்தேக்கத்தை இங்கு குறிப்பிடுதற்கு ஒரு காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காலிலே, லபுகமையிலிருந்து குழாய் வழியாக வந்த நீரை மேட்டு நிலத்தில் தேக்கி, அங்கிருந்து நகருக்கு இறக்கினர். நீரை உயரத்தில் வைத்தால் அது தானாகவே தாழ்விடங்களைத் தேடிச் செல்லும். ஒளியையும் உயரத்தில் வைத்தால் அது தாழ்விடங்களிற் பரவும். ஆயினும் நீர்த்தேக்கத்தை நாள்தோறும் எவரும் தொட வேண்டியதில்லை. விளக்கைத் தொட்டே ஆக வேண்டும். இவ்வேறுபாடே நம் பொருளின் உயிர்நிலை.

மின்சாரம் வருவதற்கு முன்னர் நகரத் தெருக்களில் எண்ணெய் விளக்குகள் எரிந்தன. 1870களிலே கொழும்பில் எரிவாயு விளக்குகள் தோன்றின. புறக்கோட்டையில் ‘காஸ் வேக்ஸ் வீதி’ என்னும் பெயர் அக்காலத்தின் நினைவாக இன்றும் நிலைத்துள்ளது. எண்ணெய் விளக்காயினும் வாயு விளக்காயினும் அவை குட்டையான கம்பங்களிலே நின்றன. மாலை மயங்கும் வேளையிலே விளக்கேற்றுவோன் ஒருவன் ஏணியையோ நீண்ட கோலையோ தாங்கித் தெருத்தெருவாகச் செல்வான். கண்ணாடியைத் துடைப்பான், திரியைத் திருத்துவான், ஏற்றுவான். விடியலில் மீண்டும் வந்து அணைப்பான். ஒளி மங்கலாயிருந்தமையால் கம்பத்தை உயர்த்தியும் பயனில்லை. ஆகவே கைக்கும் விளக்குக்கும் இடையே ஓர் ஏணியின் தூரமே இருந்தது.

வில்விளக்குக் கொண்டுவந்த சிக்கல்

அத்தூரத்தைப் பெருகச் செய்தது மின்சார வில்விளக்கு. இரண்டு கரிக்கோல்களைச் சிறிதே விலக்கி வைத்து அவற்றினூடே வலிய மின்னோட்டத்தைச் செலுத்தினால், இடைவெளியிற் கண்ணைப் பறிக்கும் ஒளி தோன்றும். இதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலண்டனில் ஹம்பிரி டேவி என்னும் அறிஞர் செய்து காட்டினார். ஆயினும் போதிய மின்னோட்டத்தை மலிவாகத் தரும் பொறிகள் வந்த பின்னரே அது தெருவுக்கு இறங்கியது. 1878இல் பாரிசு நகரத்துத் தெருக்களிலே யாப்லச்கோவ் என்னும் ருசியப் பொறியியலாளரின் ‘மின்மெழுகுவர்த்திகள்’ ஒளி வீசின. 1879இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரச் சதுக்கத்தில் சார்ள்ஸ் பிரஷ் என்பார் 12 வில்விளக்குகளை எரித்துக் காட்டினார்.

இவ்விளக்குகளின் ஒளி மிகக் கடுமையானது. அருகில் நின்று நோக்கினால் கண் கூசும். ஆதலின் அவற்றை மிக உயரத்தில் வைத்தல் இன்றியமையாததாயிற்று. அதே வேளையில், அவற்றின் கரிக்கோல்கள் எரிந்து தேய்வன. யாப்லச்கோவின் மெழுகுவர்த்தி ஒன்று ஏறத்தாழ இரண்டு மணி நேரமே நிலைக்கும். எனவே ஒரே கூண்டினுள் பலவற்றை வைத்து ஒன்றன்பின் ஒன்றாக எரித்தனர். பின்னர் வந்த திறந்த வில்விளக்குகளின் கோல்கள் ஓரிரவோடு முடிந்துவிடும். காற்றுப் புகாதபடி மூடிய வில்விளக்கு 1890களிலே தோன்றிய பின் கோல்கள் ஏறத்தாழ 100 மணி நேரம் நீடித்தன. அப்போதுங்கூட சில நாட்களுக்கு ஒருமுறை கோல்களை மாற்றி, கண்ணாடிக் கூண்டிற் படிந்த சாம்பலைத் துடைத்து, பொறியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. முன்னெப்போதும் இல்லாத உயரத்தில் நின்ற விளக்கு, முன்னெப்போதும் இல்லாத அளவு கவனிப்பை வேண்டி நின்றது.

இச்சிக்கலுக்கு நகரங்கள் மூன்று வழிகளிலே விடை தேடின. முதலாவது, மனிதன் விளக்கிடம் ஏறிச் செல்வது: கம்பத்திற் படிகளை அமைத்தும் நீண்ட ஏணிகளைச் சாத்தியும் தொழிலாளர் ஏறினர். இரண்டாவது, தெருவிளக்கைக் கைவிட்டு, நகர் முழுவதற்கும் நிலவொளி போல் ஒளி தரும் பெருங்கோபுரங்களை எழுப்புவது: 1894, 1895ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில் 165 அடி உயரமான 31 கோபுரங்கள் எழுந்தன. அங்கும் மனிதன் நாள்தோறும் மேலே சென்றாக வேண்டும். மூன்றாவது, விளக்கு மனிதனிடம் இறங்கி வருவது. இம்மூன்றாவது வழியே கப்பியின் வழி.

குறுக்குக் கம்பியிலே தொங்கும் விளக்கு

தெருவின் ஓரத்தில் நிற்கும் கம்பத்தின் உச்சியிலிருந்து விளக்கைத் தொங்கவிடலாம். ஆயின் ஒடுங்கிய தெருக்களிலே கம்பத்துக்கே இடம் இராது. அகன்ற தெருக்களிலோ நிழல்மரங்கள் ஒளியை மறைக்கும். தெருவின் இருபுறத்துக் கம்பங்களையோ கட்டடச் சுவர்களையோ இணைத்து உருக்குக் கம்பிவடம் ஒன்றைக் கட்டி, அதன் நடுவில் விளக்கைத் தொங்கவிட்டால், தெருவின் இரு ஓரங்களுக்கும் ஒளி சமமாகக் கிடைக்கும். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இம்முறை வேரூன்றியது; ஜேர்மனி, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளிலே நடுத்தெருவில் தொங்கும் விளக்குகளை இன்றும் காணலாம்.

இவ்வமைப்பிலே இயங்கும் விதிகள் நம் மாணவர் வகுப்பறையிற் கற்பவையே. உடுப்புக் காயவிடும் கொடியை எவ்வளவு விறைப்பாகக் கட்டினும், ஈர உடையொன்றைப் போட்டவுடன் அது நடுவில் தாழ்வதைக் கண்டிருக்கிறோம். தாழாத கொடியைக் கட்ட விரும்புவோன் கொடியை அறுத்தே முடிப்பான். தெருவின் அகலம் 12 மீற்றர் என்றும், விளக்கின் எடை 10 கிலோகிராம் என்றும் கொள்வோம். கம்பியை நடுவில் அரை மீற்றர் தாழ விட்டால், அதில் ஏற்படும் இழுவை ஏறத்தாழ 60 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். தாழ்வைக் கால் மீற்றராகக் குறைத்தால் இழுவை இருமடங்காகி 120 கிலோகிராமை எட்டும். பத்துக் கிலோகிராம் விளக்கு, தன்னைப்போற் பன்னிரு மடங்கு இழுவையைக் கம்பங்கள் மீது சுமத்துகிறது. ஆகவே தொங்கும் விளக்கைக் கட்டுவோன் கம்பியின் அழகை நோக்காது அதன் தாழ்வை நோக்க வேண்டும். காற்றில் விளக்கு ஊசலாடும் பொழுது கம்பங்கள் தாங்குமா என்பதையும் எண்ண வேண்டும்.

இனி, விளக்கை இறக்கும் பொறியைக் காண்போம். குறுக்குக் கம்பியின் நடுவில் ஒரு கப்பி. கம்பத்தின் தலையில் இன்னொரு கப்பி. விளக்கிலிருந்து எழும் வடம் நடுக்கப்பியின் மேலாகச் சென்று, குறுக்குக் கம்பியை ஒட்டியே ஓடி, கம்பத்துக் கப்பியில் வளைந்து கீழிறங்கும். கம்பத்தின் அடியில், மனிதனின் மார்பளவு உயரத்தில், ‘வின்ச்’ என்று தொழிலாளர் வழங்கும் சுற்றுருளை ஒன்று பூட்டிய பெட்டியினுள் இருக்கும். தொழிலாளி தன் கைப்பிடியை அதிற் பொருத்திச் சுற்றினால் விளக்கு இறங்கும்; எதிர்ப்புறம் சுற்றினால் ஏறும். வேலை முடிந்ததும் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு அடுத்த கம்பத்துக்குச் செல்வான்.

நிலையான கப்பி சுமையின் பாரத்தைக் குறைப்பதில்லை. இழுக்கும் திசையை மட்டுமே மாற்றுகிறது. கிணற்றிலே வாளியை மேல்நோக்கித் தூக்குவதற்குப் பதிலாகக் கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்கிறோம். யாழ்ப்பாணத்துத் துலாவுக்கும் கொழும்பு வீட்டுக் கிணற்றுக் கப்பிக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்த மாணவன் இதனை எளிதில் உணர்வான். துலாவிலே எதிர்ப்பாரம் மனிதனின் பளுவைக் குறைக்கும். கப்பியிலே உடலின் எடையை இழுவைக்குப் பயன்படுத்தும் வசதியே பெறப்படும். தெருவிளக்கில் அதனினும் பெரிய பேறு ஒன்று கிடைத்தது. மனிதன் நிலத்தை விட்டு எழாமலே வானத்து விளக்கைத் தன் கைக்குக் கொண்டுவந்தான்.

ஆயினும் வெறும் கப்பியும் கயிறும் போதா. முதலாவதாக, கயிறு அறுந்தால் விளக்குத் தெருவில் நடப்போரின் தலையில் விழும். ஆகவே விளக்கு மேலே சென்று முட்டியதும் தானே மாட்டிக்கொள்ளும் கொக்கி ஒன்றை அமைத்தனர். அது மாட்டியபின் பாரத்தைக் கொக்கி தாங்கும், வடம் தளர்ந்து ஓய்ந்திருக்கும். இரண்டாவதாக, சுற்றுருளை கை நழுவிப் பின்னோக்கிச் சுழன்றால் கைப்பிடி தொழிலாளியின் கையை முறிக்கும். ஆகவே கைப்பிடியாற் சுற்றினாலன்றிப் பாரத்தாற் சுழலாத பற்சக்கர அமைப்பைப் புகுத்தினர். மூன்றாவதாக, விளக்கோடு ஏறியிறங்கும் மின்வடம் அடிக்கடி வளைந்து உள்ளே முறியும். ஆகவே விளக்கு மேலே சேர்ந்தபோது மட்டும் ஒன்றையொன்று தொடும் உலோகத் தொடுமுனைகளை அமைத்தனர். விளக்கு இறங்கத் தொடங்கியதும் மின்தொடர்பு அறுந்துவிடும். கீழே நிற்பவன் தொடுவது மின்சாரமற்ற வெறும் விளக்கையே. பல வில்விளக்குகள் ஒரே சுற்றிலே தொடராக இணைக்கப்பட்டு உயர்ந்த அழுத்தத்தில் இயங்கிய அக்காலத்தில், இவ்வொரு சிறு ஏற்பாடு காத்த உயிர்கள் பலவாதல் வேண்டும். அதே பொறி, இறங்கிய விளக்கின் இடத்தை மேலேயே இணைத்து மூடிவிடுவதால், தெருவின் ஏனைய விளக்குகள் அணையாமல் எரிந்தன.

இப்பொறியைச் செய்தோர், விளக்கை மட்டுமன்றி அதனைப் பேணும் மனிதனையும் தம் கணக்கிற் சேர்த்துக்கொண்டனர் என்பது இவற்றால் விளங்கும்.

கொழும்பிலே மின்கம்பிகள்

கொழும்பின் மின்சார வரலாறு கோட்டைப் பகுதியிலே தொடங்குகிறது. 1895ஆம் ஆண்டளவில் பூஸ்ரெட் சகோதரர் என்னும் வணிக நிறுவனத்தார் பிரிஸ்டல் கட்டடத்தில் மின்பிறப்பாக்கியை நிறுவி மின்சாரம் வழங்கினர். அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில், 1899இல், மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாசுக்கும், மற்றொன்று மருதானையூடாகப் பொறளைக்கும் சென்றன. 1902இல் கொழும்பு மின்சார டிராம், ஒளியூட்டற் கம்பெனி உருவாயிற்று. டிராமுக்கும் விளக்குக்கும் ஒரே கம்பெனி என்பதை அப்பெயரே கூறுகிறது.

மாளிகாவத்தை மக்களுக்கு மின்சாரம் முதலிற் காட்சியளித்தது வீட்டு விளக்கிலன்று, மருதானைத் தெருவின் மேலே ஓடிய கம்பியிலேதான் எனல் பொருந்தும். டிராம் வண்டிக்கு மின்சாரம் தரும் கம்பியைத் தெருவின் மேலே தாங்க வேண்டும். அதற்கு இருபுறத்துக் கம்பங்களுக்கிடையே குறுக்குக் கம்பிகளைக் கட்டுவதும், ஒருபுறக் கம்பத்திலிருந்து கையை நீட்டுவதும் அக்கால நகரங்கள் கையாண்ட வழிகள். குறுக்குக் கம்பியும், இழுவையைத் தாங்கும் உருக்குக் கம்பமும், பீங்கான் காவலியும், தொங்கும் விளக்குக்கும் தொங்கும் டிராம் கம்பிக்கும் பொதுவானவை. ஒன்றைக் கட்டக் கற்ற தொழிலாளி மற்றதையும் கட்டக் கற்றவனாவான். டிராம் வண்டியின் தலையில் நீண்ட கோலொன்று சாய்ந்து நின்று, தன் நுனியிலிருந்த பள்ளமிட்ட சிறு சக்கரத்தாற் கம்பியைக் கீழிருந்து தொட்டு மின்சாரத்தைப் பெற்றது. உற்று நோக்கின் அதுவும் ஒரு கப்பியே. கிணற்றுக் கப்பியிலே கயிறு ஓடும், சக்கரம் நிற்கும். டிராமிலே கம்பி நிற்கும், கப்பி ஓடும்.

கம்பியை ஏன் மேலே கட்டினர் என்பதற்குச் சென்னை நகரின் அனுபவம் விடை தருகிறது. 1895 மே மாதத்தில் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம், இந்தியாவிலேயே முதலாவது. தொடக்கத்தில் மின்கம்பியை நிலத்தினுள் ஒரு கால்வாயில் அமைத்தனர். மழைக்காலத்து வெள்ளம் அதனைப் பாழாக்கியது. பின்னர் கம்பி மேலே எழுந்தது. நம் போன்ற மழைநாட்டில் மின்சாரம் வானத்து வழியையே நாடியதற்கு இது தக்க சான்று. 1905 ஓகஸ்டில் பெங்களூரின் சந்தைப் பகுதியில் மின்சாரத் தெருவிளக்குகள் எரிந்தபோது, சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிற் பிறந்த மின்சாரமும் உயரக் கம்பிகள் வழியாகவே அந்நகரை அடைந்தது.

கொழும்பிலே மின்சாரம் கம்பெனியின் கையிலிருந்து அரசின் கைக்கு மெல்ல மாறியது. 1927இல் அரசாங்க மின்சாரத் திணைக்களம் தோன்றியது. 1929இல் கொலன்னாவையில், தேசாதிபதி ஸ்ரான்லியின் பெயரைத் தாங்கிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் டிராம் தொழிலாளர், ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். மருதானையிலே கலகம் மூண்டது. பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. நகரின் சக்கரங்களையும் கம்பிகளையும் இயக்குவோர் மனிதர் என்பதை, அவர்கள் கையை எடுத்த அன்றுதான் நகரம் கண்டது.

மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் எடுத்துரைத்தவர் டி. ஜே. விமலசுரேந்திரா. தொடங்கி, நின்று, மீண்டும் தொடங்கிய அத்திட்டம், 1950இல் இலக்சபான மின்நிலையமாக நிறைவேறியது. ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்த அப்பெரியாரின் பெயரை நாடு நன்றியோடு போற்றுகிறது; அது முறையே. ஆயின் இலக்சபானவிலிருந்து வந்த மின்சாரம் ஒரு தெருவில் ஒளியாக மாறுவதற்கு, கடைசிக் கம்பத்தடியில் ஒருவன் நின்றே ஆக வேண்டும். அவன் பெயர் எந்தத் தூணிலும் பொறிக்கப்படவில்லை.

1944இல் டிராம் சேவை கொழும்பு மாநகரசபையின் பொறுப்புக்கு வந்தது. 1953இல், தண்டவாளம் வேண்டாத, ஆயின் மேலே இரட்டைக் கம்பி வேண்டிய ‘டிரொலி பஸ்’ அறிமுகமானது. டிராம் 1960இலும் டிரொலி பஸ் 1964இலும் நின்றன. அவற்றோடு தெருவின் மேலே விரிந்திருந்த கம்பிவலையும் மறைந்தது.

கப்பி மறைந்ததும் மீண்டதும்

தெருவிளக்கிலிருந்து கப்பி மறைந்ததற்குக் காரணம் கம்பியன்று, விளக்கே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்குதன் இழை விளக்குத் தோன்றியது. 1910ஆம் ஆண்டளவில் அவ்வுலோகத்தை மெல்லிய கம்பியாக இழுக்கும் முறையும், 1913இல் விளக்கினுள் வாயுவை நிரப்பும் முறையும் கைவந்தன. இத்தகைய விளக்கு ஏறத்தாழ 1000 மணி நேரம் எரியும். நாள்தோறும் தொட வேண்டிய விளக்கு, சில மாதங்களுக்கு ஒருமுறை தொட்டாற் போதும் என்ற நிலையை அடைந்தது. ஒவ்வொரு கம்பத்துக்கும் சுற்றுருளையும் வடமும் வைத்துப் பேணுவதினும் ஒரே ஏணியைத் தெருத்தெருவாகக் கொண்டு செல்வது மலிவாயிற்று. இரச ஆவி விளக்கு, 1932இல் ஒல்லாந்தில் முதன்முதல் தெருவில் எரிந்த சோடிய ஆவி விளக்கு, குழல்விளக்கு என ஒவ்வொன்றாக வந்தபோது ஆயுள் மேலும் நீண்டது. ஆளைத் தொட்டியில் ஏற்றி உயர்த்தும் வண்டி வந்தபின் ஏணியும் பின்தங்கியது. இன்றைய எல்.ஈ.டி. விளக்குகளோ பல்லாயிரம் மணி நேரம் எரியவல்லன.

கப்பிக்கு இத்துடன் முடிவு நேர்ந்தது எனக் கருதினால் அது தவறு. பெருஞ்சந்திகளிலும் துறைமுகங்களிலும் இன்று நாம் காணும் உயர்கோபுர மின்விளக்குகள், 20 அல்லது 30 மீற்றர் உயரமானவை. அவ்வுயரத்துக்கு ஏணியும் எட்டாது. தொட்டி வண்டியும் எளிதில் எட்டாது. ஆகவே விளக்குகள் யாவும் ஒரு வளையத்திற் பூட்டப்பட்டு, கம்பத்தின் தலையிலுள்ள கப்பிகளின் மேலாகச் செல்லும் உருக்கு வடங்களால் ஏற்றி இறக்கப்படுகின்றன. சுற்றுருளை கம்பத்தின் அடியில், சிறு கதவின் பின்னே உள்ளது. வில்விளக்குக் காலத்துப் பொறியாளன் இன்று வந்து அக்கதவைத் திறந்தால், தன் கைவேலையை உடனே அடையாளம் கண்டுகொள்வான். உயரம் கையை மீறிய இடமெங்கும் கப்பி மீண்டும் வந்துவிடுகிறது.

ஒழுங்கையின் இருள்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? புதிய விளக்குக்கு நாம் விழா எடுக்கிறோம். அதன் பத்தாம் ஆண்டுப் பேணுகைக்கு எவரும் விழா எடுப்பதில்லை. விளக்கின் ஆயுள் நீண்டதால் அதனைப் பேணும் வழக்கமும் நம்மிடம் தளர்ந்துவிட்டது. நாள்தோறும் கரிக்கோல் மாற்றிய காலத்தில், அணைந்த விளக்கை மறுநாளே ஒரு மனிதன் கண்டான். அது அவன் தொழில். பல்லாண்டு எரியும் எனக் கருதப்படும் விளக்கு அணைந்தால், அதனை யார் காண்பார்? விளக்கினுள் உள்ள மின்னணு உறுப்பு மழையிலும் வெப்பத்திலும் பழுதுறும். கண்ணாடியிலே பூச்சியும் தூசியும் படியும். கடற்காற்றின் உப்பு இணைப்புக்களை அரிக்கும். ஆயுள் நீண்ட விளக்கும் அழியாத விளக்கன்று.

மாளிகாவத்தை போன்ற நெருங்கிய குடியிருப்பிலே இது வெறும் பொறியியற் கேள்வியன்று. தொட்டி வண்டி பெருந்தெருவில் எளிதாகச் செல்லும். இருவர் எதிரெதிரே நடந்தாற் தோள் உரசும் ஒழுங்கையில் அது நுழையாது. ஆகவே பெருந்தெருவின் விளக்கு விரைவில் திருத்தப்பட, ஒழுங்கையின் விளக்குக் காத்திருக்கும். இரவு வேலை முடிந்து திரும்பும் பெண்ணும், பாடம் முடிந்து வரும் மாணவனும், விடியற்காலைத் தொழுகைக்குச் செல்லும் முதியவரும் நடப்பது ஒழுங்கையிலேயாம். ஒரு நகரத்தின் ஒளியை அதன் விளையாட்டரங்கின் கோபுர விளக்குகளைக் கொண்டு அளத்தல் கூடாது. அதே மாளிகாவத்தையின் கடைசி ஒழுங்கையில், கடைசிக் கம்பத்து விளக்கு அணைந்த பின் எத்தனை நாளில் மீண்டும் எரிகிறது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

பழைய பொறியாளர் கப்பியை அமைத்தபோது கேட்ட கேள்வி ஒன்றே: இவ்விளக்குப் பழுதுற்றால் ஒரு தனி மனிதனின் கை இதனை எவ்வாறு அடையும்? தெருவிளக்குகளைப் பேணும் பொறுப்பைத் தாங்கிய உள்ளூராட்சி மன்றங்கள், ஒவ்வொரு புதிய கம்பத்தை நாட்டும் போதும் இக்கேள்வியைக் கேட்குமாயின், நம் நகரங்களின் இருளிற் பெரும்பகுதி நீங்கும். வண்டி நுழையாத ஒழுங்கையிலே உயரம் குறைந்த கம்பத்தையோ, அடியிற் சாய்த்து இறக்கத்தக்க கம்பத்தையோ, கப்பியால் இறங்கும் விளக்கையோ அமைத்தல் அரிதன்று. இவை யாவும் உலகம் அறிந்த முறைகளே.

நம் மாணவருக்கு ஒரு வேண்டுகோளோடு இக்கட்டுரையை முடிக்கலாம். மன்னரின் ஆண்டுகளை மனனஞ் செய்வது மட்டும் வரலாறு ஆகாது. உங்கள் தெருவின் கம்பங்களை எண்ணுங்கள். அவற்றிற் பழைய கொக்கியோ காவலியோ வளையமோ எஞ்சியிருந்தால் வரைந்து வையுங்கள். மின்கம்பத்தில் ஏறி வாழ்நாளைக் கழித்த முதியவர் எவரேனும் அயலில் இருந்தால், அவரிடம் சென்று அமர்ந்து கேளுங்கள். பழைய உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தை மாளிகாவத்தையின் அயலிலேயே உள்ளது. கழற்றி வீசப்பட்ட ஒரு பழைய கப்பி அத்தகைய கடையொன்றின் மூலையிலே கிடந்தால், அதற்கு விலை இரும்பின் நிறைக்கே. அதன் பள்ளத்திலே வடம் உரசி உண்டாக்கிய தேய்வு, ஒரு மனிதன் எத்தனை இரவுகள் இந்நகருக்காகத் தெருவில் நின்றான் என்பதற்கு எஞ்சிய ஒரே எழுத்தாக இருக்கலாம். கல்வெட்டைப் படிப்பது போல அதனையும் படிக்கக் கற்றுக்கொள்வோமாக.